தமிழில் ஒரு விசுவாசப் படப்புத்தகம்: ஞாயிறு பள்ளி ஆசிரியைக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை நிதானமாகப் படித்தேன், சகோதரி. எஸ்டேட் டவுனில் சின்னத் தமிழ்ச் சபை, நான்கு முதல் ஏழு வயதுக்குள் பிள்ளைகள், அலமாரியில் இருப்பதெல்லாம் யாரோ கொடுத்துவிட்டுப் போன ஆங்கிலப் புத்தகங்கள். அதனால் நாமே தமிழில் ஒரு படப்புத்தகம் செய்யலாமா, எந்தக் கதையை எடுப்பது, எத்தனை பக்கம், படத்தில் இயேசுவை எப்படி வரைவது, அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நடுவில், பிள்ளைகள் கதையை நன்றாகக் கேட்கிறார்கள், விசுவாசம் உள்ளே போகிறதா என்பதுதான் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. ஒரு சிறு பிள்ளைக்கு விசுவாசத்தைப் பிரசங்கமாக இல்லாமல் புத்தகமாக எப்படிக் கொடுப்பது என்று கேட்கிறீர்கள். நானும் உங்களைப் போல மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் இருப்பவள்தான். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், பல வருடம் ஞாயிறு பள்ளி எடுத்திருக்கிறேன், சபைகளுக்காகச் சிறுவர் புத்தகங்களைத் திருத்தி அச்சு வரைக்கும் கொண்டுபோயிருக்கிறேன். இறையியல் கல்லூரிக்குப் போனவள் இல்லை, படம் வரையவும் வராது. அந்த இரண்டு இடத்திலும் என் பேச்சைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நம்மிடம் புழங்கும் பல புத்தகங்களில் கதை அழகாக ஓடிக்கொண்டிருக்கும், அப்புறம் கடைசிப் பக்கத்தில் "பிள்ளைகளே, நாமும் இவர்களைப் போலக் கீழ்ப்படிந்து நடக்க வேண்டும்" என்று ஒரு வரி வந்துவிடும். அந்த வரி வந்ததும் பிள்ளையின் கண் புத்தகத்தை விட்டு விலகுவதை வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதுவரை கதைக்குள் நின்று பயந்து, சிரித்து, அடுத்து என்ன ஆகுமோ என்று காத்திருந்த பிள்ளையை அந்த வரி கையைப் பிடித்து வெளியே இழுத்து, பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறது. விசுவாசம் என்பது ஒருவரை நம்புவது. ஒருவரை நம்ப வேண்டுமென்றால் முதலில் அவரைப் பார்க்க வேண்டும், அவர் என்ன செய்தார் என்று தெரிய வேண்டும். அவரைக் காட்டுவது புத்தகத்தின் வேலை. அதை நன்றாகச் செய்துவிட்டால் பாடம் சொல்லும் வரிக்குத் தேவையே இருக்காது.

எந்தக் கதை என்று கேட்டீர்கள். உங்கள் முதல் புத்தகத்துக்கு மாற்கு 4:35 முதல் 41 வரை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன், இயேசு புயலை அடக்கிய கதை. மொத்தம் ஏழே வசனம். ஆனால் அந்த ஏழு வசனத்துக்குள் ஒரு படப்புத்தகத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. சாயங்காலம், நாள் முழுக்கப் பேசிக் களைத்த ஒருவர், படகு, இருட்டு, காற்று, உள்ளே ஏறும் தண்ணீர், அதற்கு நடுவிலும் பின்பக்கம் தலையணையில் தலைவைத்துத் தூங்குகிறவர். அந்தத் தலையணையை மாற்கு மட்டும்தான் சொல்கிறார், பிள்ளைகள் கண்ணுக்கு முதலில் படுவதும் அதுதான். 36ஆம் வசனத்தின் முடிவில் வேறு படகுகளும் கூட இருந்தன என்று போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது, பெரியவர்கள் கவனிக்கவே மாட்டோம். ஓவியரிடம் அந்தப் படகுகளைத் தூரத்தில் சின்னதாக வரையச் சொல்லுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளைகள் அவற்றைத் தேடுவார்கள், புயல் பக்கத்தில் ஒன்று காணாமல்போனால் "டீச்சர், அந்தப் படகு எங்கே?" என்று அவர்களே கேட்பார்கள்.

அதைவிட முக்கியம், அந்தக் கதையை மாற்கு எப்படி முடிக்கிறார் என்பது. காற்று நின்றுவிட்டது, எல்லாரும் நனைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள், அப்போது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, இவர் யாரோ, காற்றும் கடலும் இவருக்குக் கீழ்ப்படிகிறதே என்கிறார்கள். அவ்வளவுதான். பதில் கிடையாது. சுவிசேஷம் எழுதியவரே ஒரு கேள்வியோடு நிறுத்தியிருக்கும்போது நாம் ஏன் அதற்குக் கீழே நான்கு வரி விளக்கம் எழுத வேண்டும்? அந்தக் கேள்வியோடு புத்தகத்தை முடியுங்கள். நீங்கள் வாசித்து முடித்ததும் ஒரு பிள்ளை "யாரு டீச்சர்?" என்று கேட்டால், விசுவாசத்தைப் பற்றிய பேச்சு அங்கிருந்து அந்தப் பிள்ளையின் வாயாலேயே தொடங்குகிறது. கேட்காவிட்டாலும் கவலை வேண்டாம். அடுத்த வாரம் கேட்கும், அல்லது வீட்டில் அம்மாவிடம் கேட்கும்.

இந்தக் கதையில் ஒரு ஆபத்தும் உண்டு. "ஜெபித்தால் புயல் நின்றுவிடும்" என்று பிள்ளைக்கு ஒரு வாக்குறுதி கொடுத்துவிடக்கூடாது. நம் ஊர்களில் வருடக் கடைசியில் மழை கொட்டி ஆறு பெருகும்போது வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். அப்பா டயாலிசிஸ் போய்க்கொண்டிருக்கும் பிள்ளை இருக்கலாம், ஜெபித்தும் பாட்டி இறந்துபோன பிள்ளை நிச்சயமாக இருக்கும். அந்தப் பிள்ளை நம் புத்தகத்தைப் படித்துவிட்டு, நான் சரியாக ஜெபிக்கவில்லையோ என்று நினைக்கும்படி ஒரு வரிகூட இருக்கக்கூடாது, இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். வசனத்தை உற்றுப் பார்த்தால், புயல் அடித்தபோதும் அவர் அந்தப் படகில்தான் இருந்தார், தண்ணீர் அவர் இருந்த படகிலும் ஏறியது. அவர் கூடவே இருந்தார் என்பதைப் படம் சொல்லட்டும். இதையும் எழுத்தில் விளக்க வேண்டாம். புயல் பக்கங்கள் ஒவ்வொன்றிலும் அவர் எங்கேயாவது கண்ணுக்குத் தெரியும்படி ஓவியர் வரைந்தால் போதும், தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி.

நான்கு வயதுப் பிள்ளைக்கு எந்த அளவுக்குப் புரியும் என்பதில் படித்தவர்களே ஒத்துப்போவதில்லை. 1964இல் ரொனால்ட் கோல்ட்மன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், வேதாகமக் கதைகளின் உட்பொருளைப் புரிந்துகொள்ளும் சிந்தனை பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதை ஒட்டித்தான் வருகிறது என்றார். அவருடைய முறையைப் பிற்பாடு பலர் குறை சொன்னார்கள், கதையை உணர்வது வேறு, கதையை விளக்கிச் சொல்வது வேறு, இவர் இரண்டாவதைத்தான் சோதித்தார் என்பது அவர்கள் வாதம். இன்னொரு பக்கம், ரோமில் 1954இல் சோஃபியா கவல்லெத்தி என்ற கத்தோலிக்க வேத அறிஞர், மாண்டிசோரி முறையில் பயின்ற ஜான்னா கோபியோடு சேர்ந்து சிறு பிள்ளைகளோடு வேலை செய்யத் தொடங்கினார். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் நல்ல மேய்ப்பன் உவமையில் ஆழ்ந்துபோவதை அவர் எழுதிவைத்திருக்கிறார், பெயர் சொல்லி அழைக்கிற, தன்னைத் தெரிந்து வைத்திருக்கிற ஒருவர் என்பது அந்த வயதுக்குப் போதும் என்பது அவர் கண்டது. நான் வகுப்பில் பார்த்தது கவல்லெத்தி சொல்வதோடுதான் ஒத்துப்போகிறது. ஆனால் இது என் அனுபவம், ஆய்வு கிடையாது. புயலுக்குப் பதில் நல்ல மேய்ப்பனை எடுத்தாலும் எனக்குச் சம்மதம். லூக்கா 15இன் காணாமல்போன ஆடு இன்னும் எளிது, நம் பிள்ளைகள் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் மேயும் ஆடுமாடுகளைப் பார்த்தே வளர்கிறார்கள்.

அந்த வயதுப் பிள்ளைகள் சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்வார்கள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. "இயேசு உன் இருதயத்தில் வந்து தங்குவார்" என்றால், அவ்வளவு பெரியவர் எப்படி உள்ளே நுழைவார், நான் ஓடினால் விழுந்துவிடுவாரா என்று கவலைப்படும் பிள்ளை உண்டு. இரத்தத்தால் கழுவப்படுவது என்பது பெரியவர்களுக்குப் பாட்டில் ஆறுதல், நான்கு வயதுக்கு அது பயம். இவையெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை, பின்னால் கற்றுக்கொடுக்கலாம், படப்புத்தகத்தில் மட்டும் உருவகத்தைத் தவிர்த்துச் சம்பவத்தைச் சொல்லுங்கள். நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தும் பக்கமும் வேண்டவே வேண்டாம். பயத்தில் சொல்லும் "ஆமென்"ஐ விசுவாசம் என்று எண்ணிக்கொண்டு நாம் திருப்திப்படுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். உங்கள் சபையில் பிள்ளை எந்தச் சொல்லைக் கேட்கிறதோ, கர்த்தர் என்றால் கர்த்தர், ஆண்டவர் என்றால் ஆண்டவர், அதையே புத்தகத்திலும் வையுங்கள், போதும்.

இனி படம். வேதாகமக் கதையை வரைகிறீர்கள் என்றால் அதை அது நடந்த ஊரிலேயே விடுங்கள். புயல் கதை நடக்கும் கலிலேயாக் கடலை நம் ஆறாகவோ, பேதுருவைத் தோட்டத்து அண்ணனாகவோ மாற்றுகிற யோசனை பலருக்கு வரும், பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பிள்ளை இதை ஒரு கற்பனைக் கதை என்று எடுத்துக்கொள்ளும். நாம் விசுவாசிப்பது, ஒரு குறிப்பிட்ட நாட்டில், ஒரு குறிப்பிட்ட காலத்தில் உண்மையாக நடந்ததை. கலிலேயாக் கடல் என்பது கடலே இல்லை, நன்னீர் ஏரி, சுமார் 21 கிலோமீட்டர் நீளம், 13 கிலோமீட்டர் அகலம், கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே மலைகளுக்கு நடுவில் கிடக்கிறது. மலையிலிருந்து காற்று திடீரென்று இறங்கி அலை எழும்புவது அங்கே இன்றைக்கும் நடக்கிறது. 1986இல் வறட்சியில் ஏரித் தண்ணீர் வற்றியபோது சேற்றுக்குள்ளிருந்து ஒரு பழைய படகு வெளிப்பட்டது, இயேசுவின் காலத்தை ஒட்டியது, ஏறக்குறைய 8 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம், பல வகை மரத்துண்டுகளை ஒட்டுப்போட்டுச் செய்தது. அது இயேசு ஏறிய படகு என்று யாரும் சொல்ல முடியாது, அப்படி எழுதவும் வேண்டாம். ஆனால் அந்தக் காலத்துப் படகு எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது, படங்களை இணையத்தில் தேடி உங்கள் ஓவியரிடம் கொடுத்துவிடுங்கள். பதின்மூன்று பேர் அந்த அளவுப் படகில் உட்கார்ந்தால் எவ்வளவு நெருக்கம் என்று அவரே வரைந்து பார்க்கட்டும், பயம் தானாகப் படத்துக்குள் வந்துவிடும்.

இயேசுவின் முகம் எப்படி இருந்தது என்று வேதத்தில் வர்ணனை இல்லை. நம் வீடுகளில் தொங்கும் வெளுத்த நிறமும் பழுப்பு முடியும் கொண்ட படம் பெரும்பாலும் வார்னர் சால்மன் என்ற அமெரிக்க ஓவியர் 1940இல் வரைந்ததன் நகல் அல்லது அதன் சாயல். அதை வைத்து ஜெபித்து வளர்ந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், என் அம்மாவும் அப்படித்தான். ஆனால் அவர் முதல் நூற்றாண்டில் வெயிலில் நடந்த யூதர், தச்சு வேலை செய்த குடும்பம், அதனால் பழுப்பு நிறம், கறுத்த முடி, உழைத்த கைகள் என்று வரைவது உண்மைக்கு நெருக்கம். நம் பிள்ளைகள் தங்கள் நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு நிறத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவதையும் கண்டிருக்கிறேன், அது கூடுதலாகக் கிடைக்கும் நன்மை.

வேதத்தில் இல்லாத விஷயங்கள் படத்தின் வழியாகத்தான் எளிதாக நுழைகின்றன, ஓவியரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவர் பார்த்து வளர்ந்த படங்கள் அப்படி. மத்தேயுவில் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று எண்ணிக்கை கிடையாது, காணிக்கைதான் மூன்று, அவர்கள் வந்ததும் ஒரு வீட்டுக்கு. லூக்காவின் பிறப்புக் கதையில் மரியாள் கழுதை மேல் போனதாக இல்லை, சத்திரக்காரர் என்று ஒருவர் வருவதும் இல்லை. ஆதியாகமத்தின் கனி ஆப்பிள் என்று யாரும் சொல்லவில்லை, யோனாவை விழுங்கியது ஒரு பெரிய மீன். சிங்கக் குகையில் தானியேலை வாலிபனாக வரைகிறார்கள், பாபிலோன் விழுந்த பிறகு நடப்பதாகச் சொல்லப்படும் கதை அது, அவர் எண்பது வயதை ஒட்டிய முதியவராக இருந்திருக்க வேண்டும். தாத்தாவோடு வளரும் பிள்ளைக்கு வெள்ளைத் தாடிக்காரத் தானியேல் எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? கழுதையை வரைந்தால் பாவம் ஒன்றும் இல்லை, எழுத்தில் மட்டும் "வேதம் சொல்கிறது" என்று போட்டுவிடாதீர்கள்.

வேதாகமக் கதை வேண்டாம், இன்றைய பிள்ளை ஒருவனின் கதையாகவே செய்கிறேன் என்றால் அப்போது நம் ஊரை முழுசாக உள்ளே கொண்டுவாருங்கள். ஆனால் எந்த ஊரை? எஸ்டேட் என்றதும் நம் ஓவியர்கள் லயன் வீடு, பால்வாளி, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு என்று வரைந்துவிடுகிறார்கள். அது தாத்தா பாட்டியின் உலகம். இன்றைய பிள்ளை தாமான் குடியிருப்பில் வரிசை வீட்டில் இருக்கிறது, அப்பா ஃபேக்டரிக்குப் போகிறார், சுற்றிலும் செம்பனை, பள்ளி வேனில் போய்வருகிறது, வெள்ளிக்கிழமை பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை, கடைவீட்டு மாடியில் சபை, பிளாஸ்டிக் நாற்காலி, மூலையில் கீபோர்ட். பிள்ளை பசியாறும்போது மேசையில் ரொட்டி சானாய் இருக்கட்டும். இப்படி வரைந்தால் "இது எங்க ஊரு!" என்று பிள்ளை கத்தும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊர்க் குடும்பங்களில் அம்மா சபைக்கு வருவார், அப்பா வர மாட்டார், பாட்டி வீட்டில் சாமி அறை இருக்கும், தீபாவளிக்கு எல்லாரும் அங்கேதான் கூடுவார்கள். நீங்கள் செய்யும் புத்தகம் பிள்ளையோடு அந்தப் பாட்டி மடிக்கும் போகும், பல வீடுகளில் தமிழில் வாசித்துக் காட்டக்கூடியவரே அந்தப் பாட்டிதான். அவர் வாசிக்கும்போது தன்னையும் தன் வீட்டையும் இழிவாகப் பேசும் ஒரு வரி வந்தால் பிள்ளையின் நெஞ்சு இரண்டாகக் கிழியும். இயேசுவைக் காட்டுவதற்கு இன்னொருவர் தொழும் தெய்வத்தைக் கறுப்பாக வரைய வேண்டிய அவசியமே இல்லை. நான் திருத்திய பிரதிகளில் இப்படிப்பட்ட வரிகளை எடுத்துவிடச் சொல்லி வாதாடியிருக்கிறேன், இனியும் வாதாடுவேன். பாட்டி விரும்பி வாசித்துக் காட்டக்கூடிய புத்தகமாக இருக்கட்டும்.

நடை எப்படி? தமிழ்ப்பள்ளிக்குப் போகிற பிள்ளை ஒன்றாம் ஆண்டில்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குகிறது, தேசியப் பள்ளிக்குப் போகிற பிள்ளை தமிழ் எழுத்தே படிக்காமலும் இருக்கலாம். ஆக இது பெரும்பாலும் சத்தமாக வாசித்துக்காட்டப்படும் புத்தகம். எழுதியதை நீங்களே உரக்க வாசித்துப் பாருங்கள், மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும், ஆட்கள் பேசுவது கொஞ்சம் பேச்சுப் பக்கம் சாயலாம். வேத வரி ஒன்றை அப்படியே வைக்க ஆசையென்றால் புயல் கதையில் "இரையாதே, அமைதலாயிரு" இருக்கிறது, பழைய மொழிபெயர்ப்பின் வரி, பிள்ளைகளுக்குப் பொருள் முழுதாகத் தெரியாவிட்டாலும் ஓசையே வேலை செய்யும், கையை நீட்டிக்கொண்டு கூடவே சொல்வார்கள். மொத்தம் 250 முதல் 350 சொல்லுக்குள் நிறுத்துங்கள். ஆங்கிலப் படப்புத்தகங்களுக்கு 500 சொல் என்பார்கள், தமிழ்ச் சொற்கள் ஒட்டி நீள்வதால் நமக்கு அதைவிடக் குறைவே போதும். படத்தில் தெரிவதை எழுத்தில் திரும்பச் சொல்லாதீர்கள். அலை பெரிதாக இருந்தது என்று எழுத வேண்டாம், அலை அங்கே இருக்கிறது. காற்று நின்ற பக்கத்தில் ஒரு எழுத்துகூட வேண்டாம், இரண்டு பக்கமும் தண்ணீரும் வானமும் மட்டும். வாசிக்கிறவர் அங்கே தானாகச் சும்மா இருப்பார்.

படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம் என்பதற்குக் காரணம் அச்சுத் தாள் எட்டு, பதினாறு பக்கங்களாக மடிவதுதான். தலைப்பு, வெளியீட்டு விவரம் போக 13 அல்லது 14 விரிபக்கம், அதாவது புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டிரண்டு பக்கம், கையில் இருக்கும். பணம் இடித்தால் 24 பக்கமும் செய்யலாம், நடுவில் ஸ்டேபிள் அடிக்கும் புத்தகத்துக்கு நான்கின் மடங்காக இருந்தால் சரி. ஓவியரிடம் பேசுவதற்கு முன்னால் எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்துச் சொருகுங்கள், 32 பக்கம் வந்துவிடும். அதில் பென்சிலால் எழுத்தைப் பிரித்து எழுதி, குச்சி மனிதர்களைக் கிறுக்கி, பிள்ளைகளிடம் வாசித்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தைத் திருப்பும்போது அவர்கள் முன்னால் நகர்கிறார்கள், எங்கே நெளிகிறார்கள் என்று பாருங்கள். அடுத்து என்ன என்ற கேள்வி எப்போதும் வலது பக்கத்தின் முடிவில் நிற்க வேண்டும், பதில் தாளைத் திருப்பினால்தான் கிடைக்க வேண்டும். "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று அவர்கள் எழுப்புவது வலது பக்கம், அவர் எழுந்து நிற்பது திருப்பிய பக்கம். இந்தக் கட்டத்தில் திருத்துவதற்கு ஒரு ரப்பர் போதும். படம் வரைந்த பிறகு திருத்தினால் ஓவியரின் வாரக்கணக்கான உழைப்பு வீணாகும்.

செயற்கை நுண்ணறிவு செயலியில் படம் எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கையில் பணம் இல்லை என்பது புரிகிறது, ஆனாலும் வேண்டாம் என்பேன். பிள்ளை ஒரே பேதுருவைப் பக்கத்துக்குப் பக்கம் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும், இதில் முகமும் உடையும் படகும் பக்கத்துக்குப் பக்கம் மாறிவிடுகின்றன, கேட்காமலே வெளுத்த இயேசுவும் வந்துவிடுகிறார். உங்கள் தோழியின் மகன் வரைவான் என்றீர்களே, அவனே போதும். அந்தப் பையனுக்குச் சிறு தொகையாவது கொடுங்கள், படத்தின் உரிமை யாருக்கு, மறுபதிப்புக்கு என்ன என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், ஒரே சபை என்பதால் இதை விட்டுவிடாதீர்கள். முகங்களை நடு மடிப்பில் வரைய வேண்டாம் என்றும், அச்சகத்தில் ஓரம் வெட்டுவார்கள் என்பதால் நான்கு ஓரத்திலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைய வேண்டும் என்றும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தமிழ் எழுத்து விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். நம் ஊர் அச்சகங்களில் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள்தான் பெரும்பாலும் கோப்பைத் திறக்கிறார்கள். பக்கம் அமைக்கும் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான வரியமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் "கொ"வில் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும், புள்ளி நகர்ந்துவிடும், அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. எழுத்துகளை வெளிக்கோட்டு வடிவமாக மாற்றிய பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள், கடைசி அச்சு மாதிரியைத் தமிழ் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். எழுத்தின் அளவை 18 பாயிண்டுக்குக் குறையாமல் வையுங்கள், சொல்லை வரிக்கடைசியில் உடைக்காதீர்கள், இருண்ட புயல் படத்தின் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் கொஞ்சம் தடித்த எழுத்துருவாக இருக்கட்டும், மெல்லிய கோடுகள் மையில் மூழ்கிவிடும்.

அனுமதி பற்றி. சட்டம் என் துறை இல்லை, நடைமுறையில் செய்துவருவதைச் சொல்கிறேன், உங்கள் சபைத் தலைமை அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி புத்தகத்தில் அச்சடித்தவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணை தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது, வெளிவந்த பிறகு 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்களுக்கு 5 பிரதி அனுப்ப வேண்டும். அரசமைப்பின் 11(4)ஆம் பிரிவு, முஸ்லிம்களிடையே மற்ற சமயங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது, பேராக் உட்படப் பல மாநிலங்களில் அதற்கான சட்டமும் இருக்கிறது. அதனால் முஸ்லிம் அல்லாதோருக்கு மட்டும் என்ற வரியை மலாயிலும் முன்பக்கத்திலேயே அச்சிடுங்கள், சமயச் சொற்கள் எதையும் மலாயில் சேர்க்காதீர்கள், பள்ளிக்கூடத்தில் விநியோகிக்காதீர்கள். புதிய வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து நீளமாக மேற்கோள் எடுத்தால் வெளியிட்டவர்களிடம் அனுமதி கேளுங்கள்.

முதல் அச்சிலேயே நீங்கள் சொன்ன 300 பிரதிகள் வேண்டாம். டிஜிட்டல் அச்சில் 30, 40 மட்டும் போட்டு, உங்கள் வகுப்பிலும் பக்கத்து ஊர்ச் சபைகள் இரண்டிலும் கொடுத்து சில மாதம் விடுங்கள். ஒரு பிரதிக்கு விலை கூடத்தான் வரும், ஆனால் பிழைகள் அப்போதுதான் தெரியும். வாசித்து முடித்ததும் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?" என்று கேட்க வேண்டாம் என்று ஆசிரியைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். எந்தப் பக்கம் பிடித்தது, நீ அந்தப் படகில் எங்கே உட்காருவாய் என்று கேட்கட்டும், பிள்ளைகள் சொன்னதை அப்படியே ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். இரண்டாம் பதிப்பில் எதை மாற்றுவது என்று அந்த நோட்டு உங்களுக்குச் சொல்லும். பென்சில் பிரதி தயாரானதும் பக்கங்களைப் படம்பிடித்து இங்கேயே போடுங்கள், எழுத்தைப் பார்த்துத் தருகிறேன்.